யவனர் படிக்கட்டில் மைனியும் நானும்

மூச்சு வாங்குது. ஆனா நான் நிக்க மாட்டேன். நான் நின்னா மைனி முந்திருவா, முந்திட்டா மேல போயி இடுப்புல கைய வச்சுக்கிட்டு "என்ன மைனி, இதுக்கேவா"ம்பா. அந்த "இதுக்கேவா"வக் கேக்கதுக்கு இந்தக் கல்லுப் பாதையில முட்டி தேஞ்சு விழுந்தாலும் விழுந்துரலாம். மைனின்னா கூடப் பெறந்தவன் பொண்டாட்டி இல்ல, சம்மந்தி. என் மக இந்துமதியக் கட்டிக் குடுத்த வீட்டு அம்மா, பாளையங்கோட்டை வடிவு. எங்க பக்கத்துல சம்மந்தகாரிய மைனின்னுதான் கூப்பிடணும், கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பதினோரு வருஷமா, வேப்பங்காயக் கடிச்ச வாயோட. என்னைய அவ கூப்பிடுததும் மைனிதான். தென்காசி ஒலகம்மாங்கிற பேரு அவளுக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ. வேன் நிறுத்துன எடத்துலருந்து மேல வரைக்கும் ஒரே ஏத்தம், ரெண்டு பக்கமும் சப்பாத்திக்கள்ளி. இதப் பாக்கவா பிளேன் ஏறி வந்தேன். எங்க வீட்டுக்குப் பின்னால ரயில் ரோட்டு ஓரத்துல மண்டிக் கெடக்கு, மாடு கூடத் திரும்பிப் பாக்காது, இங்க ஒரு வெள்ளைக்காரி மண்டி போட்டுப் போட்டோ புடிக்கா. கல்லு இடுக்குல என்னமோ செடி, மிதிச்சா சோம்பு வாசனை வருது. கீழ கடலு. துணிக்குச் சொட்டு நீலத்தக் கை தவறிக் கூட ஊத்திட்ட மாதிரி நீலம், கண்ணு கூசுது. மத்த நாளா இருந்தா நானும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னுருப்பேன். இன்னைக்கு அந்தக் கடலப் பாத்தா அப்பிடியே எரிச்சலா வருது, இவ்வளவு அழகா எவன் இருக்கச் சொன்னான், ஒருத்தி குடும்பம் முங்கப் போற அன்னைக்கு. முன்னால டிரைவர் தவராசா போறாரு. யாழ்ப்பாணத்துக்காரர், இந்த சிசிலித் தீவுல இருவது வருஷத்துக்கு மேல இருக்காராம், எங்களுக்குத் தமிழ்ல வெளக்கம் சொல்லணும்னே தேடிப் புடிச்சிருக்காங்க. "அம்மா, பாத்து வாங்கோ. இது கிரேக்க ஆக்கள் கட்டின ஊர். எங்கட பழைய ஆக்கள் யவனர் எண்டு சொன்னது இவையளைத்தான்"ங்காரு. யவனர் கப்பல்ல வந்து நம்ம கடக்கரையில மொளகு வாங்கிட்டுப் போனாங்களாம். வாங்கிட்டுப் போயி என்னத்தச் சாதிச்சாங்க, கல்லு கல்லாக் கெடக்கு. மைனி அதுக்கும் "ஆமாந்தம்பி, எங்க ஊருப் பக்கம் அந்தக் காசு கூட ஆப்டுச்சும்பாங்க"ங்கா. ஒனக்கு என்னட்டி தெரியும், நீ பாத்தியா. எல்லாத்துலயும் ஒரு கை போடாம இருக்க முடியாது அவளுக்கு. மகளும் மாப்பிள்ளையும் பின்னால வாராங்க. திரும்பிப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மாட்டு வண்டி போகலாம்.

காலைல இந்து தல சீவிக்கிட்டே சொன்னா. நான் சேலைக்கு ஊக்கு குத்திக்கிட்டு நிக்கேன், அவ கண்ணாடியப் பாத்து, என்னையப் பாத்துக் கூட இல்ல, "அம்மா, நானும் அவரும் பிரியலாம்னு இருக்கோம். மத்தியானம் சாப்பிடுதப்ப அத்தைகிட்டச் சொல்லிருவோம். அது வரைக்கும் நீ வாயத் தொறக்காத"ன்னா. பல்லு வெளக்குனியான்னு கேக்க மாதிரி. ஊக்கு வெரல்ல ஏறிருச்சு. "அடிச்சாராட்டி?" "இல்ல." "குடிக்காரா?" "இல்லம்மா." "வேற எவளும்?" "அதெல்லாம் ஒண்ணும் இல்ல." "பின்ன என்னதாம்ட்டி?" அதுக்கு அவ சீப்புல இருந்த முடியச் சுருட்டிக் குப்பையில போட்டுட்டு, "பேச ஒண்ணும் இல்லம்மா"ன்னா. பேச ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். அப்புறம் "அவருக்கு இன்னும் அரை மனசுதான். நாந்தான் தீர்மானமா இருக்கேன்"ன்னு சொல்லிட்டு பாத்ரூமுக்குள்ள போயிட்டா. அந்த அரை மனசப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் இப்ப மலை ஏறுதேன். அரை மனசு இருக்குன்னா இன்னும் அரை மனசு வாழத்தான சொல்லுது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. அதுக்குள்ள எதாச்சும் செய்யணும். இதச் சொல்லத்தான் எங்க ரெண்டு பேரையும் ஜெர்மனிக்குக் கூப்பிட்டு, அங்கருந்து இந்தத் தீவுக்குக் கூட்டிட்டு வந்து, நாலு நாளா கோயிலு, கடலு, எலுமிச்சம்பழ ஐஸுன்னு காட்டிருக்காங்க. ரெண்டு அம்மாவையும் ஒரே எடத்துல வச்சுச் சொல்லிரணுமாம், அப்பதான் நியாயமாம். கல்யாணத்துக்கு மண்டபம் புடிப்பாங்க, இவங்க பிரியுததுக்கு ஒரு தீவப் புடிச்சிருக்காங்க. மண்டபமாவது பரவால்ல, உக்கார நாற்காலி போட்டுருப்பான்.

பேச ஒண்ணும் இல்லேன்னா என்ன. பேச ஒண்ணும் இல்லேன்னா பேசாம இரேன். நானும் எங்க வீட்டு அவுகளும் என்னத்தப் பேசிக் கிழிச்சோம். தாலுகா ஆபீஸுக்குப் போவாக, வருவாக. "சோத்தப் போடு." "கதவச் சாத்திட்டியா." "நாளைக்கு மழ வரும்போல இருக்கு." இந்த மூணையும் மாத்தி மாத்தி வச்சே முப்பத்தி மூணு வருஷம் ஓட்டிருக்கோம். யாராவது பிரிஞ்சோமா. பிரியலாம்னு ஒரு வழி இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா. தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பே ஒலகம்மா. அங்க போகாத, அந்தப் பக்கம் போகாத மனசே, கால் வழுக்கும். இந்தா, நெசமாவே வழுக்குது, கல்லு வழவழன்னு இருக்கு, எத்தன காலத்துக் காலோ மிதிச்சுத் தேச்ச கல்லு. யவனப் பொம்பளைகளும் இந்த ஏத்தத்துல ஏறிருப்பாளுக, புருஷங்காரன் பேசலேன்னு எவளாவது வீட்ட விட்டுப் போனாளா. போயிருப்பா, யாரு கண்டா. எனக்குக் கோவம் எதுல தெரியுமா. இந்து சொன்னப்ப எனக்கு மொதல்ல வந்தது அழுகை இல்ல. அடிப்பாவி, இதுக்கெல்லாமா பிரியலாம்னு ஒரு பொறாமை வந்துச்சு பாருங்க, சுருக்குன்னு. பெத்த மக மேல பொறாமப்படுத மூதேவி ஒலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அப்புறந்தான் பயம் வந்துச்சு. அவ தனியா அந்தக் குளுருல கெடப்பாளேன்னு. ஒரு காய்ச்சல்னா வெந்நி வச்சுக் குடுக்க ஆளில்லாம. எங்க ஊருல கேப்பாளுக, மகளும் மருமகனும் எப்ப வாராங்கன்னு, ஒவ்வொருத்தியும் தேங்கா ஒடைக்க மாதிரி கேப்பாளுக, நான் என்ன சொல்ல. பேச ஒண்ணும் இல்லேன்னு பிரிஞ்சிட்டாங்கன்னு சொன்னா சிரிப்பாளுக. அடிச்சான்னாலும் ஒரு மரியாதை உண்டு.

"மைனி, அந்தா தூரத்துல தெரியுதே, அதுவும் தீவுதானாம், எரிமலையாம்"ங்கா வடிவு. தெரியுது, தெரியுது, எனக்குக் கண்ணு இருக்கு. பேசிக்கிட்டே ஏறுதா. சேலைக்குக் கீழ மகன் வாங்கிக் குடுத்த வெள்ள ஷூவு, தலையில துண்டு, கையில குடை, வாயி மட்டும் நிக்கல. அவ வாயி நின்னு நான் பாத்ததில்ல. வீட்டுல அவ புருஷன், அண்ணாச்சிக்குக் காது கேக்காது, மிஷின் வாங்கிக் குடுத்தா டப்பாவுலயே வச்சிருக்காராம். அதனால அந்தப் பேச்செல்லாம் எனக்கு வருது. தினமும் காலைல பால்காரன் போன கையோட போன் அடிக்கும். "என்ன மைனி, இன்னைக்கு என்ன கொழம்பு?" நான் புளிக்கொழம்புன்னா, "வெயில் காலத்துலயா"ம்பா. மோர்க்கொழம்புன்னா, "ஒங்க பக்கம் மோர்க்கொழம்புக்குத் தேங்கா பத்தாதுல்ல"ம்பா. அப்புறம் என் வீட்டுக்கு வெள்ளையடிச்சது சரியில்ல, என் தம்பி மகன் கல்யாணத்துல பந்தி சரியில்ல, நான் மாத்திர முழுங்குத நேரம் சரியில்ல. போன வச்சதும் நான் சுவரப் பாத்து வைவேன், சவத்து மூதின்னு. வஞ்சு முடிச்சாத்தான் எனக்கு அடுப்பு பத்தும். அவுக செத்துப் போனதுக்கப்புறம் அந்த வீட்டுல மனுசக் குரல்னு கேக்கது அது ஒண்ணுதான். யாருகிட்டயும் சொல்லாததெல்லாம் அவகிட்டச் சொல்லிருக்கேன். அவளும் சொல்லிருக்கா. எதிரிகிட்டச் சொல்லுததுல ஒரு வசதி, ஆறுதல் சொல்ல மாட்டா. இந்து பிரிஞ்சிட்டா அதுவும் போச்சு. அறுத்துக்கிட்ட சம்மந்தம்னா அறுத்துக்கிட்டதுதான், நல்லது பொல்லதுக்குக் கூடப் படி மிதிக்கக் கூடாது, அப்புறம் போன் எங்க. சீ, மகளோட வாழ்க்கை போகுதுன்னு கெடக்கேன், இவ போன் போகுதுன்னு அழுவேனா. இவ போன் ஒழிஞ்சா எனக்குச் சனியன் ஒழிஞ்ச மாதிரி. ஒழியட்டும். ஒழியட்டும்னு சொல்லிக்கிட்டே எதுக்கு நடைய மெதுவாக்குதே, அவ பின்தங்கிட்டாங்கிறதுக்கா.

மேல வந்தாச்சு. மலையக் கொடஞ்சு அரை வட்டமா படி படியா வெட்டி விட்டிருக்கான், தெப்பக்கொளத்துப் படி மாதிரி, ஆனா தண்ணிக்குப் பதிலு கீழ ஒரு வெறுந்தரை. அதுக்கு அங்கிட்டுக் கடலு. படியில உக்காந்தா கடலப் பாத்துக்கிட்டே கூத்துப் பாக்கலாமாம். தவராசா கைய நீட்டி நீட்டிச் சொல்லுதாரு. "முதல் கிரேக்க ஆக்கள்தான் கட்டினவை. பிறகு ரோமன் ஆக்கள் வந்து இடிச்சு மாத்திப்போட்டினம். கீழ நடுவில நிண்டு சும்மா கதைச்சாலே கடைசிப் படி வரைக்கும் கேக்கும் அம்மா, மைக் ஒண்டும் தேவையில்லை." இந்து கேட்டுட்டு விறுவிறுன்னு மேல் படிக்கு ஏறிட்டா. மாப்பிள்ளை நயினாரும் கொஞ்சங் கழிச்சு ஏறுனாரு, அவளுக்குப் பக்கத்துல இல்ல, நாலு ஆளு தள்ளி உக்காந்தாரு. இவரையும் நான் கொற சொல்ல முடியாது. தங்கமான பையன். வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி இருப்பாரு, அவ்வளவுதான். அவங்க ரெண்டு பேரும் கடலப் பாத்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருக்கதப் பாத்தப்பதான் எனக்கு அது தோணுச்சு. தோணுச்சுன்னா சும்மா இல்ல, அப்பிடியே அடிவயித்துலருந்து கெளம்பி வந்துச்சு. இதுக ரெண்டும் எப்ப ஒண்ணாச் சேர்ந்து நின்னுச்சுக. நானும் வடிவும் சண்ட போட்டப்ப. கல்யாணத்துக்கு மறுநா, மறுவீட்டுப் பந்தியில தேங்காப்பால் கொழம்பு, சொதி போட்டோம், எங்க பக்கம் சொதி இல்லாம மறுவீடு கெடையாது, வடிவு ஒரு வாயி வச்சுட்டு "தேங்காப்பாலு திரிஞ்சிருக்கே"ன்னா, எலைய மூடிட்டா. பந்தியே எழுந்திரிச்சிருச்சு. நான் ஒரு பக்கம் அழுதுக்கிட்டு, அவ ஒரு பக்கம் மொகத்தத் தூக்கிக்கிட்டு. மாப்பிள்ளை அன்னைக்குத்தான் இந்துகிட்ட மொத மொதல்ல வாயத் தொறந்து பேசினாராம், அவளே சொல்லிச் சிரிப்பா. "ஒங்க அம்மாவ நீ பாத்துக்கோ, எங்க அம்மாவ நான் பாத்துக்கிடுதேன்"னு. அதுதான் அவங்க வாழ்க்கையோட மொத வார்த்த. அப்புறம் ஜெர்மனியில வீடு வாங்குனப்ப யாரு வெளக்க மொதல்ல ஏத்தணும்னு நாங்க போன்லயே அடிச்சுக்கிட்டோம், அன்னைக்கு ராத்திரி இதுக ரெண்டும் ஒண்ணா உக்காந்து எனக்கு ஒரு போன், அவளுக்கு ஒரு போன், நடுவுல கிளுகிளுன்னு சிரிப்புச் சத்தம். நாங்க பொரண்டா அதுக ஒண்ணாகும். நாங்க ராசியா இருந்தா அதுகளுக்குப் பேச ஒண்ணும் இல்ல. இந்த நாலு நாளா நாங்க எவ்வளவு மரியாதையா இருந்துட்டோம், தப்பு எங்க மேலதான். வடிவு கூட ஒரு பெரிய சண்டையப் போட்டுரணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி. உருண்டு பெரண்டு போடணும், அதுக ரெண்டும் ஓடி வரணும், "ஒங்க அம்மாவ நீ பாத்துக்கோ"ன்னு அவரு சொல்லணும். அவ்வளவுதான், அரை மனசு முழு மனசாயிரும்.

எறங்குனேன். வடிவு அந்த வெறுந்தரை நடுவுல நின்னுக்கிட்டுச் சுத்திச் சுத்திப் பாக்கா. எதச் சொல்லி ஆரம்பிக்க. சந்தையில கத்திரிக்காய உருட்டிப் பாக்க மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். "மைனி, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன், அன்னைக்குச் சொதி திரியவே இல்ல. ஒங்க நாக்குதான் சரியில்ல." அவ சிரிக்கா. "விடுங்க மைனி, எந்தக் காலத்துக் கதை. நல்ல சொதிதான் அது, நாந்தான் அன்னைக்கு வீம்புக்குச் சொன்னேன்"ங்கா. எனக்கு அப்பிடியே பத்திக்கிட்டு வருது. பதினோரு வருஷமா ஒத்துக்கிடாததை இன்னைக்குப் பாத்தா ஒத்துக்கிடுவா. இன்னைக்கு எனக்கு ஒன்னோட நல்ல மனசு வேண்டாம்ட்டி, வழக்கமா இருக்கப்பட்ட மனசக் கொண்டா. "இந்த ஷூவப் போட்டுக்கிட்டு நீங்க நடக்கது தபால்காரன் மாதிரி இருக்கு"ன்னேன். அதுக்கும், "காலு வலிக்காம இருந்தாச் சரிதான், ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதேன்"ங்கா. காத்து அடிக்குது, கடலு பளபளங்குது, அவ மொகம் சின்னப் புள்ள மொகம் மாதிரி இருக்கு, சந்தோசமா இருக்கா. மகன் நாலு நாளா கூடவே சுத்துதாம்லா, அந்தச் சந்தோசம். இவளுக்கு ஒண்ணுந் தெரியாது. எதுக்குச் சுத்துதான்னு தெரியாது. ஒரு நிமிசம், வேண்டாம், விட்டுருவோம்னு நெனச்சேன். மேல பாத்தேன். நாலு ஆளு தூரம் அப்பிடியேதான் இருக்கு. அப்பதான் வாயி தானாத் தொறந்துச்சு. "மைனி, அண்ணாச்சிக்குக் காது தானாப் போகல. நீங்க பேசிப் பேசித்தான் போச்சு. ஒங்க வீட்டுல நீங்க ஒருத்தரே எல்லாருக்கும் சேத்துப் பேசிட்டீக. அதான் அவருக்குக் காது போச்சு, ஒங்க மகனுக்கு வாயி போச்சு."

குடைய மடக்குனா. மெதுவா மடக்குனா, பட்டனப் போட்டா. "என்ன சொன்னீக?" "சொன்னதத்தான் சொன்னேன்." "என் மகனுக்கு வாயில்லையா? ஒங்க மகளுக்கு முன்னால எவன் வாயத் தொறப்பான், தொறந்தா மூட விடுவாளா?" ஆங், இதுதான் வடிவு, வா வா. எனக்கு ஒடம்பெல்லாம் சூடு ஏறுது, நல்லாவே இருக்கு, நாலு நாளா கட்டுன சோறு மாதிரி நெஞ்சுல கெடந்தது எறங்குது. நான் வளத்த லெச்சணத்த அவ சொன்னா, அவ வளத்த லெச்சணத்த நான் சொன்னேன், என் தம்பி மகன் கல்யாணப் பந்தி வந்துச்சு, அவ நாத்தனா வளைகாப்பு வந்துச்சு, வெளக்கு வந்துச்சு. படியில உக்காந்திருந்த வெள்ளைக்காரங்கெல்லாம் கேமராவக் கீழ வச்சுட்டாங்க. தவராசா "அம்மா, அம்மா, கொஞ்சம் மெல்லமா, எல்லாருக்கும் கேக்குது"ங்காரு. கேக்கட்டும், அதுக்குத்தான் கத்துதேன். ஓரக்கண்ணால மேல பாத்தேன், இந்து எந்திரிச்சுட்டா. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் கத்துனா அவரும் எந்திரிப்பாரு. "காது கேக்காத ஆளு புண்ணியம் பண்ணவருன்னு ஊரே சொல்லுது"ன்னு ஒண்ணப் போட்டேன். அது அவளுக்கு எங்க பட்டுச்சோ தெரியல. கத்தல. கத்துததுக்கு அவசியமே இல்ல அந்த எடத்துல, அத அவ கண்டுக்கிட்டா. சாதாரணமா, காலைல போன்ல பேசுவாளே, அந்தக் குரல்ல சொன்னா. "அண்ணாச்சி காத விடுங்க மைனி. ஒங்க வீட்டு ஆளு சாகக் கெடக்கையில கடைசியா ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? 'செத்த நேரம் பேசாம இரேன் ஒலகு'ன்னாரு. அப்புறம் கண்ணத் தொறக்கல. நீங்க சொன்னதுதான். எம் பேச்சு காதத்தான் கொன்னுச்சு."

இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இந்துகிட்டச் சொன்னதில்ல. இந்து கேட்டப்ப, அப்பா ஒன் பேரத்தான்ட்டி சொன்னாகன்னு சொல்லிருக்கேன். ஒரு நா காலைல, மழ பெஞ்சுக்கிட்டிருந்துச்சு, வடிவு என்ன கொழம்புன்னு கேட்டா, நான் கொழம்பச் சொல்லாம இதச் சொல்லிட்டேன். அவ "ரசம் வச்சுக் குடிங்க மைனி"ன்னுட்டுப் போன வச்சுட்டா. அதுக்கப்புறம் அத எடுத்ததே இல்ல. இப்ப எடுத்துட்டா. கல்லு ஒவ்வொண்ணும் அத வாங்கி மேல குடுக்குது, கடைசிப் படி வரைக்கும். எனக்குக் காது அடைச்சுப் போச்சு. இதுக்கப்புறம் நான் எதுக்குச் சண்ட போடுதேங்கிறது எனக்கு மறந்துருச்சு, மக, மருமகன், மத்தியானச் சாப்பாடு எல்லாம் மறந்துருச்சு. இவள ஒடைக்கணும், அவ்வளவுதான். எங்க தட்டுனா ஒடைவாங்கிறது எனக்குத் தெரியும், அவளே காட்டிக் குடுத்த எடம். "நீங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மகனுக்குப் போன் போடுதீகளே மைனி, அவரு போன எடுத்து மேசையில வச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போயிருதாரு. நீங்க மேசைகிட்டப் பேசுதீக. 'கதவு சாத்துத சத்தம் கேக்கும், தெரிஞ்சேதான் பேசுதேன் மைனி, மேசையாவது கேக்கட்டும்'னு என்கிட்ட அழுதீகல்லா. ஒங்க பேச்சக் கேக்கதுக்குக் கெடச்சது அந்த மரப்பலகையும் நானுந்தான். இன்னைலருந்து பலகைதான்." சொல்லிட்டேன். அவ வாயி நின்னுச்சு. நெசமாவே நின்னுச்சு. ஒரு வெள்ளைக்காரக் கெழவன், நாங்க என்னமோ நாடகம் போடுதோம்னு நெனச்சுக் கை தட்டுனான், பக்கத்துல இருந்த அவன் பொண்டாட்டி அவன் கையப் புடிச்சு அமுக்குனா. வடிவு அங்கனயே கீழ்ப்படியில உக்காந்துட்டா. நான் இந்தப் பக்கத்துல உக்காந்தேன்.

இப்ப ஓடி வருவாங்க. வரணும். நான் மேல பாத்தேன். ஓடி வரல, ஆனா நாலு ஆளு தூரம் இல்ல. மாப்பிள்ளை ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு, இந்து அவரு பக்கத்துல ஒட்டி உக்காந்து முதுகுல கை வச்சிருக்கா. அவரு என்னமோ சொல்லுதாரு. அவ தலைய ஆட்டுதா. அவ என்னமோ சொல்லுதா. அவரு கண்ணத் தொடச்சுட்டு அவளப் பாத்துச் சொல்லுதாரு, நீளமா, நிறுத்தி நிறுத்தி. பேசுதாங்க. என் அம்மா, தென்காசிக் கோயில் ஒலகம்மா தாயே, பேசுதாங்க. மானம் போனாப் போகட்டும், அவுக கடைசியாச் சொன்னது ஊருக்கே தெரிஞ்சாத் தெரியட்டும், பேசுதாங்கல்லா. எவ்வளவு நேரம்னு தெரியல, தவராசா தண்ணி கொண்டாந்து குடுத்தாரு, எனக்கு ஒரு பாட்டலு, அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு பாட்டலு, யாரு கிட்டயும் ஒண்ணும் கதைக்காம போயிட்டாரு, பாவம். அப்புறம் அதுக ரெண்டும் எறங்கி வந்துச்சுக. படி ஒடைஞ்சிருக்க எடத்துல அவரு அவ முழங்கையப் புடிச்சு எறக்கி விட்டாரு. என் கண்ணால பாத்தேன், பதினோரு வருஷத்துல அப்பிடிப் புடிச்சு நான் பாத்ததில்ல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சாமி சத்தியமா உள்ளுக்குள்ள சிரிச்சேன்.

மாப்பிள்ளைதான் பேசுனாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு. "அம்மா. அத்தை. நானும் இந்துவும் பிரிஞ்சிரலாம்னு இருக்கோம்." வடிவு தலையத் தூக்கிப் பாத்தா, ஒண்ணும் வெளங்காத பார்வை. நான் எந்திரிச்சேன். "இந்தா, இப்பதானட்டி மேல உக்காந்து பேசுனீங்க. நான் பாத்தேனே, எவ்வளவு நேரம் பேசுனீங்க." இந்து என் கையப் புடிச்சா. அவ கையி சில்லுன்னு இருந்துச்சு, ஆனா மொகத்துல என்னமோ ஒரு தெளிவு. "ஆமாம்மா, பேசுனோம். இவ்வளவு நாளு அவருக்கு மனசு வரல, எப்பிடியாச்சும் ஓட்டிரலாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. இப்ப அவரே சொல்லிட்டாரு." நான் மாப்பிள்ளையப் பாத்தேன். அவரு அம்மாவப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு, இல்ல, அந்தக் கல்லப் பாத்து. "நீங்க ரெண்டு பேரும் சொன்னதெல்லாம் மேல தெளிவாக் கேட்டுச்சு அத்தை. மாமா கடைசியாச் சொன்னது, எங்க அம்மா மேசைகிட்டப் பேசுனது. நானும் இந்துகிட்ட ஒரு நாளு அப்பிடிச் சொல்லிருவேன். இல்லேன்னா அவ மேசைகிட்டப் பேச ஆரம்பிச்சுருவா. அதுக்கு முன்னாடி விட்டுரலாம்னு தோணுச்சு." இவ்வளவு நீளமா அந்தப் பையன் எங்கிட்டப் பேசுனதே இல்ல. எவ்வளவு நல்லாப் பேசுதாரு. இந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு, "மன்னிச்சுருங்க அத்தை"ன்னா வடிவுகிட்ட. அப்புறம் ரெண்டு பேரும், "நாங்க வேன்கிட்ட இருக்கோம், மெதுவா வாங்க"ன்னுட்டு எறங்கிப் போயிட்டாங்க. பக்கத்துல பக்கத்துல நடந்து போறாங்க. பேசிக்கிட்டே போறாங்க.

முன்னெல்லாம் இந்நேரம் இந்து அவகிட்டப் போயி, "அத்தை, அம்மா ஏதோ கோவத்துல பேசிட்டாங்க, மனசுல வச்சுக்கிடாதீங்க"ம்பா. அவரு என் கிட்ட வந்து, "அத்தை, எங்க அம்மாவப் பத்தித்தான் ஒங்களுக்குத் தெரியும்லா"ம்பாரு. அப்புறம் ஒரு வாரத்துல பொண்ணு வீட்டுக்காரிங்கிற மொறைக்கு நாந்தான் எறங்கிப் போயிப் பேசணும், தப்பு யாரு மேல இருந்தாலும். என்ன கொழுப்புடி மாப்பிள்ளை வீட்டுக்காரின்னு பல்லக் கடிச்சுக்கிட்டுப் போவேன். போன உடனே அவ "என்ன கொழம்பு"ம்பா. இப்ப அங்கன உக்காந்திருக்கா, முதுகக் காட்டிக்கிட்டு. தோளு குலுங்குதா, காத்துல சேல ஆடுதான்னு இங்கருந்து தெரியல. கடலப் பாக்கா. தண்ணி பாட்டலு தொறக்காம அப்பிடியே மடியில கெடக்கு, அந்த மூடியத் திருக அவளுக்குக் கையில தெம்பு பத்தாது, நேத்தெல்லாம் மகந்தான் தொறந்து குடுத்தான். தொறந்து குடுத்தா என்ன, போயேன் ஒலகம்மா. எப்பிடிப் போக. என்னன்னு கூப்பிட. போனா, நீ யாருன்னு கேட்டா நான் என்ன சொல்ல. நான் இப்ப பொண்ணு வீட்டுக்காரி இல்ல. யார் முன்னாலயும் எறங்கிப் போக வேண்டியதில்ல. பதினோரு வருஷமா இதுக்குத்தான் சாமி கும்பிட்டேன். அவ எந்திரிச்சா. ஒரு கையால கல்லப் புடிச்சு, முட்டிய நிமித்தி, குடைய ஊனிக்கிட்டு எறங்க ஆரம்பிச்சா. என்னையத் தாண்டித்தான் போகணும். தாண்டுனா. திரும்பிப் பாக்கல, அவளுக்கு என்ன திமிரு. நான் கொஞ்சம் எட விட்டுப் பின்னால நடந்தேன். அவ மூச்சு வாங்கி நின்னா, நானும் நின்னேன். அவ நடந்தா, நடந்தேன். கீழ வேன் வரைக்கும் அவளும் பேசல, நானும் பேசல.